மனைவிலை வீழாது என்னும் பொய்யுரை

"மண்ணின் விலை ஏறும், ஒருநாளும் இறங்காது" என்றோர் உரை நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. தரகர் சொல்கின்றார், மனை விற்பார் சொல்கின்றார், அவர்தம் விளம்பரத்தால் பிழைக்கும் நாளிதழ்கள் சொல்கின்றன. கேட்டுக் கேட்டுப் பழகிய நம் மக்களும் அதனை முன்னோர் மொழிந்த மூதுரை போல் திருப்பிச் சொல்கின்றனர். நூறு வாய் சொல்லிவிட்டதனால் பொய் மெய்யாகிவிடுமா? ஆகாது. இப் பொய்யை நம்பித் தம் வாழ்நாள் ஈட்டத்தை மண்ணில் புதைத்துவிட்டு, வேண்டுங்கால் தோண்டி எடுக்க இயலாமல் நின்ற குடும்பங்களை யாம் கண்டிருக்கின்றோம். ஆகலின் இதனை மென்மையாக மறுத்துச் செல்ல எமக்கு மனமில்லை.

எம்மோடு பணியாற்றிய ஆசிரிய நண்பர் ஒருவர் 2013இல், நெல்வயலைக் கூறிட்டு அமைத்த மனைப்பிரிவு ஒன்றில் இரண்டு மனைகள் வாங்கினார். ஒப்புதல் பெறாத மனைப்பிரிவு அது. விலை பத்து இலக்கம் உருபா. அதிற் பாதி ஒன்பது விழுக்காட்டு வட்டிக்குப் பெற்ற கடன். "மகள் திருமணத்திற்குள் இரட்டிப்பாகும்" என்பது அவருக்குச் சொல்லப்பட்ட உறுதிமொழி. 2016இல் திருமணம் அமைந்தது. அவ்வாண்டு செப்தம்பர் 9ஆம் நாள், ஒப்புதலற்ற மனைகளைப் பதிவு செய்தலாகாது எனச் சென்னை உயர்நெறிமன்றம் தடையிட்டது. நவம்பர் 8ஆம் நாள் இரவு, ஐந்நூறு உருபா, ஆயிரம் உருபாத் தாள்கள் செல்லா என நடுவணரசு அறிவித்தது. இரண்டு திங்கள் இடையீட்டில் இரண்டு அடிகள்! நண்பர் தரகரிடம் ஓடினார். அவர் சொன்ன விடையை யாம் இன்றும் மறந்திலோம்: "ஐயா, விலை இறங்கவே இல்லை; வாங்குவார்தாம் இல்லை!"

அன்பர்களே, இவ் விடையைச் சற்றே நிறுத்துப் பாருங்கள். வாங்குவார் இல்லாத விலை எவ்வாறு விலையாகும்? விற்பவன் கேட்பதும் வாங்குபவன் கொடுப்பதும் ஒன்றுபடும் இடத்திற்கன்றோ விலை என்று பெயர்? ஒன்றுபடாதவிடத்து இருப்பது வெறும் ஆசை, அவ்வளவே. அவ்வாசையை விலையென எண்ணிய நண்பர் ஓராண்டு காத்திருந்தார். திருமணம் காத்திருக்கவில்லை. துணைவியாரின் நகைகள் விற்கப்பட்டன. மனை மட்டும் "விலை இறங்காமல்" அங்கேயே கிடந்தது! 2017 மே திங்களில் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அதற்கும் கட்டணம் கட்டிய பின்னரே அம் மனைகள் விற்கத்தக்கன ஆயின.

மனைக்கு மூன்று விலைகள் உள்ளன என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். விற்பவன் வாயாற் சொல்வது சொல்விலை. ஆவணத்தில் எழுதப்படுவது எழுதுவிலை. உண்மையிற் கைமாறுவது கொள்விலை. தளர்ச்சிக் காலத்தில் இம் மூன்றும் மூன்று திசையில் ஓடும். சொல்விலை நின்ற இடத்தில் நிற்கும். கொள்விலை ஓசையின்றி இறங்கும். எழுதுவிலையோ அரசின் ஆணைக்கேற்ப ஆடும்.

எழுதுவிலையின் ஆட்டத்தைக் காட்டுவோம். 2017 சூன் 9 முதல் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தது. அன்றே பதிவுக் கட்டணத்தை ஒரு விழுக்காட்டிலிருந்து நான்காக உயர்த்தியது. முத்திரைத் தீர்வை முன்போல் ஏழு விழுக்காடு. வழிகாட்டி மதிப்பு பத்து இலக்கமாயிருந்த மனைக்கு முன்னர்க் கட்டவேண்டியிருந்தது 80,000 உருபா. குறைப்பிற்குப் பின் மதிப்பு 6,70,000. அதற்குப் பதினொரு விழுக்காடு 73,700. மதிப்பில் மூன்றிலொரு பங்கு குறைந்தது என்னும் முழக்கத்திற்குள் மக்களுக்கு மிஞ்சியது 6,300 உருபா! பின்னர் 2023 ஏப்பிரல் 1ஆம் நாள் பழைய மதிப்பே மீட்கப்பட்டது. பதிவுக் கட்டணம் இரண்டு விழுக்காடாயிற்று. அதே மனைக்கு 90,000 உருபா ஆயிற்று.

இதனால் அறியவேண்டுவது என்ன? வழிகாட்டி மதிப்பை ஒட்டியே ஆவணத்தில் தொகை எழுதி, எஞ்சியதைக் கணக்கிற் காட்டாது கைமாற்றும் தீய வழக்கம் நம்மிடையே உண்டு. அவ் வழக்கம் உள்ளமட்டும், 2017இல் விலை மூன்றிலொரு பங்கு வீழ்ந்ததாகவும், 2023இல் ஒரே இரவில் ஒன்றரை மடங்காக ஏறியதாகவும் ஆவணங்கள் பேசும். அது சந்தையின் பேச்சன்று, அரசாணையின் எதிரொலி. வில்லங்கச் சான்றில் 'கைமாற்றுத் தொகை' என ஒன்றும் 'சந்தை மதிப்பு' என ஒன்றும் அச்சிட்டுத் தருகின்றனர். சந்தையையே காணாத ஒன்றுக்குச் சந்தை மதிப்பு என்று பெயர்! இந்திய இரிசர்வு வைப்பகம் மூன்று திங்களுக்கொருமுறை வெளியிடும் வீட்டுவிலைக் குறியீட்டெண்ணும் பதிவுத்துறைக் கணக்குகளையே அடிப்படையாகக் கொண்டது. சென்னை முழுமைக்குமாக அது தரும் ஒரே எண், உங்கள் தெருவின் நிலையை உங்களுக்குச் சொல்லாது.

"நிலம் வளராது, மக்கட்டொகை வளரும், ஆகவே விலை வீழாது" என்பார் உளர். சப்பானைப் பாருங்கள். நாற்புறமும் கடல் சூழ, மலைகளுக்கிடையே மக்கள் நெருங்கி வாழும் நாடு அது. 1991 அளவில் உச்சியைத் தொட்ட அந்நாட்டு மனைவிலைகள் பத்தாண்டுக்கு மேலாக வீழ்ந்துகொண்டே வந்தன. அமெரிக்காவில் 2006க்கும் 2012க்கும் இடையே வீட்டுவிலைகள் நாடளாவிய நிரவலில் நான்கிலொரு பங்கிற்கு மேல் வீழ்ந்தன. ஆங்கு அதனை அளந்து காட்டிய கேசு, சில்லர் என்னும் பொருளியலறிஞர் இருவர்தம் முறை மிக எளிது: வெவ்வேறு வீடுகளை ஒப்பிடாமல், ஒரே வீடு முன்னர் விற்ற விலையையும் பின்னர் விற்ற விலையையும் ஒப்பிடுதல். விளம்பரத்தை அவர்கள் எண்ணவில்லை, விற்பனையை எண்ணினர்.

நாமும் எண்ணலாம். முதலாவது, விலையைக் கேளாதீர்கள். விற்பனையின் எண்ணிக்கையைக் கேளுங்கள். தொகையைக் குறைத்தெழுதலாம்; விற்பனையையே மறைத்தல் அரிது. நீங்கள் நோக்கும் மனையை அடுத்த புல எண்களுக்கும் வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையத்தளத்திற் கட்டணமின்றிக் காணலாம். ஆண்டுக்கு இருபது விற்பனை நிகழ்ந்த இடத்தில் நான்குதான் நிகழ்கின்றது எனின், சொல்விலை எதுவாயினும் அங்குச் சந்தை படுத்துவிட்டது என்க. கட்டணம் மாறிய திங்களை மட்டும் விலக்கிக்கொள்க.

இரண்டாவது, குடிக்கூலியைப் பாருங்கள். ஐம்பது இலக்கம் சொல்லும் வீட்டிற்குத் திங்களுக்குப் பன்னிரண்டாயிரம் குடிக்கூலி கிடைக்குமாயின், ஆண்டுக்கு 1,44,000. அது மூன்று விழுக்காட்டிற்கும் குறைவு. ஒன்பது விழுக்காட்டு வட்டிக்குக் கடன் பெற்று மூன்று விழுக்காட்டுப் பயனை வாங்குபவன், விலை ஏறும் என்னும் ஒரே நம்பிக்கையின்மேல் வீடு கட்டுகின்றான்.

மூன்றாவது, வேடமிட்ட விலைக்குறைப்பை அடையாளங் காணுங்கள். பொற்காசு, கட்டணமின்றிப் பதிவு, சீருந்து நிறுத்துமிடம் என்றெல்லாம் வாரிவழங்கத் தொடங்குவாராயின், விலை இறங்கிவிட்டது என்பதே அதன் பொருள். வாய்தான் சொல்ல மறுக்கின்றது.

நான்காவது, அடுக்ககம் வாங்குவோர் 2016ஆம் ஆண்டின் நிலமனைச் சட்டத்தைப் பயன்கொள்ளுங்கள். பதிவுபெற்ற திட்டத்தில் எத்தனை வீடுகள் முன்பதிவாயின என்பதைக் கட்டுவோர் மூன்று திங்களுக்கொருமுறை ஒழுங்காணையத்தின் இணையத்தளத்தில் தெரிவித்தல் வேண்டும் என்பது அச் சட்டத்தின் கட்டளை. "இன்னும் இரண்டே வீடுகள்" என்று சொல்பவரிடம் அக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

அரசினையும் கேட்கின்றோம். தெருவாரியாகத் திங்கள்தோறும் எத்தனை விற்பனைகள் பதிவாயின என்னும் கணக்கு உங்கள் கையில் உள்ளது. மக்கள் கட்டும் தீர்வையால் திரண்ட கணக்கு அது. அதனைத் தொகுத்து மக்கள் முன் வைத்தலில் என்ன தடை? வழிகாட்டி மதிப்பை ஒரே கோலால் மாநிலம் முழுமைக்கும் ஏற்றுவதும் இறக்குவதும் அரசின் வருவாய்க் கணக்கேயன்றி மதிப்பீடு ஆகுமா? ஊர்க்கு ஊர், தெருவுக்குத் தெரு உண்மையை அளந்து எழுதும் நாளில்தான் அச் சொல்லுக்குப் பொருள் உண்டாகும்.

நண்பர் அம் மனைகளை 2019இல் விற்றார். கைக்கு வந்தது அவர் கொடுத்த அதே பத்து இலக்கம். "இழப்பில்லை" என்றார் தரகர். ஐந்து இலக்கக் கடனுக்கு ஆறாண்டுத் தனிவட்டியே 2,70,000 உருபா. வரன்முறைக் கட்டணமும், போன நகைகளும், அவ்வாறாண்டுகளில் உருபா இழந்த மதிப்பும் வேறு. இவற்றை யார் கணக்கில் எழுதுவது?

நிலம் வேண்டாம் என்றோ வீடு வேண்டாம் என்றோ யாம் கூறவில்லை. குடியிருக்க ஒரு கூரை ஒவ்வொரு குடும்பத்திற்கும் வேண்டும். அதனை வாங்குமுன் எண்ணுங்கள், அளந்து பாருங்கள், எழுதி வையுங்கள். பிறர் வாய்ச்சொல்லை விலையாகக் கொள்வார்க்கு மண்ணும் மிஞ்சாது, பொன்னும் மிஞ்சாது.