மூழ்கியதை எண்ணாதீர்கள்... கரை சேர்ந்ததை எண்ணுங்கள்!



போர்க் கதை என்றாலே நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? "எத்தனை விமானத்தைச் சுட்டார்கள்? எத்தனை கப்பலை மூழ்கடித்தார்கள்?" என்றுதானே! கம்ப்யூட்டர் விளையாட்டிலும் அதே கதைதான். சுடச் சுட பாயின்ட் ஏறும்.

இந்தக் கணக்கே சரியில்லை என்பது என் கருத்து. ஏன் என்று கேட்கிறீர்களா? இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்த ஒரு விமான தளத்தின் கதையைச் சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கோபுரம் மட்டும் மிஞ்சியது

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்ற பகுதி இருக்கிறது. அதன் வடக்குக் கடற்கரை ஓரத்தில், செயின்ட் எவல் என்று ஒரு குட்டி கிராமம். உயரமான மேட்டு நிலம். அங்கிருந்து பார்த்தால் அட்லாண்டிக் கடல் விரிந்து கிடக்கும்.

1938ம் ஆண்டு, போர் வந்துவிடுமோ என்ற பயத்தில், அங்கே ஒரு விமான தளம் கட்டத் தொடங்கினர். ஓடுபாதைக்கு இடம் வேண்டுமே! கிராமத்தின் நடுவில் இருந்த வீடுகளை இடித்துவிட்டனர். பழைய தேவாலயத்தை மட்டும் விட்டு வைத்தனர். 1939 அக்டோபரில், போர் தொடங்கிய மறு மாதமே, விமான தளம் செயல்படத் தொடங்கிவிட்டது.

அந்தத் தேவாலயக் கோபுரத்துக்கும் ஒரு கதை உண்டு. 18ம் நூற்றாண்டில் அதைத் திரும்பக் கட்டியபோது, பிரிஸ்டல் துறைமுகத்து வணிகர்கள் பணம் கொடுத்து உதவினார்களாம். பக்தி மட்டும் காரணமில்லை. கடலில் வரும் தங்கள் கப்பல்களுக்கு அது நல்ல அடையாளமாக இருந்தது. கப்பல்களுக்கு வழி காட்டிய கோபுரத்தின் காலடியில், கப்பல்களைக் காக்கும் விமானங்கள் வந்து நின்றன. பொருத்தம்தானே!

மிட்டாய்க்கும் ரேஷன்!

பிரிட்டன் ஒரு தீவு. அந்த மக்கள் சாப்பிட்ட உணவில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வந்தது. பெட்ரோலும் கப்பலில்தான். கப்பல் நின்றால் அடுப்பு நின்றுவிடும். இதைத் தெரிந்துகொண்ட ஜெர்மனி, 'யு-போட்' என்ற நீர்மூழ்கிக் கப்பல்களை அனுப்பி, வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. அந்தக் கப்பல்களில் வேலை பார்த்த மாலுமிகளில் நம் இந்தியர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தனர்.

பிரிட்டனில் 1940 ஜனவரியில் சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் ரேஷன் வந்தது. 1942ல் மிட்டாய்க்கும் ரேஷன்! போர் 1945ல் முடிந்த பிறகும், மிட்டாய் ரேஷன் ஒரேயடியாக நீங்க, அங்கிருந்த குட்டிப் பிள்ளைகள் 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மேலே வந்தே ஆக வேண்டும்

நீர்மூழ்கி என்றதும், எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அந்தக் காலத்து யு-போட்டால் அது முடியாது. தண்ணீருக்கு மேலே டீசல் இன்ஜினில் வேகமாக ஓடும். உள்ளே போனால் பேட்டரிதான். பேட்டரியில் ஓடும்போது ஆமை வேகம்; சீக்கிரம் தீர்ந்தும் போகும். சார்ஜ் ஏற்ற மறுபடியும் மேலே வர வேண்டும்.

இங்கேதான் விமானத்துக்கு வேலை. 1940ல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்த பிறகு, யு-போட்கள் பிரான்சின் மேற்குத் துறைமுகங்களில் இருந்து கிளம்பின. அவை பிஸ்கே வளைகுடாவைக் கடந்தால்தான் அட்லாண்டிக்குக்குப் போக முடியும். செயின்ட் எவல் விமானங்கள் அந்த வளைகுடாவின் மேல் ரோந்து சுற்றின.

விமானம் தலைக்கு மேல் வந்தாலே போதும், யு-போட் உள்ளே முங்கிவிடும். முங்கினால் வேகம் போச்சு! துரத்திக் கொண்டிருந்த கப்பல் கூட்டம் தப்பித்துவிடும். ஒரு குண்டு கூடப் போடாமல், ஒரு யு-போட்டின் அன்றைய வேலையைக் கெடுத்துவிடலாம்.

விளக்கும் கணக்கும்

யு-போட்காரர்கள் சும்மா இருப்பார்களா? ராத்திரியில் மேலே வந்து சார்ஜ் ஏற்றினார்கள். விமானத்தில் இருந்த ரேடார், இருட்டிலும் படகு இருக்கும் திசையைக் காட்டும். ஆனால், மிக அருகே போனதும், அலைகளின் எதிரொலியில் படகு மறைந்துவிடும். ஹம்ப்ரி லீ என்ற அதிகாரி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். விமானத்தின் அடியில் பெரிய தேடுவிளக்கு! ரேடார் கைவிடும் அந்தக் கடைசி நிமிடத்தில் விளக்கு 'பளிச்' என்று எரியும். 1942 ஜூனில் இருந்து 'லீ விளக்கு' போரில் பயன்பட்டது.

கணக்கும் கை கொடுத்தது. நீர்மூழ்கி மேல் போடும் குண்டு, தண்ணீருக்குள் குறிப்பிட்ட ஆழம் போனதும் வெடிக்கும். முதலில் அதை 100 அடி ஆழத்துக்கு வைத்திருந்தனர். இ.ஜே. வில்லியம்ஸ் என்ற இயற்பியல் அறிஞர் தாக்குதல் அறிக்கைகளை எல்லாம் ஆராய்ந்தார். யு-போட் மேலே இருக்கும்போதோ, அப்போதுதான் முங்கும்போதோதான் பெரும்பாலான தாக்குதல்கள் நடந்தன என்று கண்டார். 100 அடியில் வெடித்து என்ன பயன்? 25 அடி போதும் என்றார். அந்த அளவுக்குப் படிப்படியாகக் குறைத்த பிறகு, தாக்குதல்களுக்குப் பலன் பல மடங்கு கூடியது.

'எனக்கு எதற்கு மேத்ஸ்?' என்று கேட்கும் தம்பிகள் இதைக் கவனிக்கவும்!

22 நிமிடங்கள்

செயின்ட் எவலில் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் ராத்திரி ஒன்று உண்டு. 1944 ஜூன் 6ம் தேதி, நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் இறங்கின. ஜூன் 8ம் தேதி அதிகாலை, கென் மூர் என்ற கனடா நாட்டு இளம் விமானி, லிபரேட்டர் விமானத்தில் ரோந்து போனார். 22 நிமிட இடைவெளிக்குள் இரண்டு யு-போட்களை அவருடைய குழு மூழ்கடித்தது.

கை தட்டத் தோன்றுகிறது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். அந்த இரண்டில் ஒரு படகில் இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர் கூடப் பிழைக்கவில்லை. இன்னொன்றில் பெரும்பாலானோர் உயிர் தப்பினர். போர் முழுவதும் யு-போட்களில் போனவர்களில் நான்கில் மூன்று பேர் வீடு திரும்பவில்லை. அவர்களில் பெரும்பாலானோர் இருபது வயதை ஒட்டிய பையன்கள். கடலோர விமானப் படையிலும் 5,000 பேருக்கு மேல் இறந்தனர். ஒரு பக்கத்து அம்மா அழுதால் பாயின்ட் ஏறும் என்றால், அது என்ன விளையாட்டு?

"அப்படியானால் யு-போட்டைத் தாக்கியதே தப்பா?" என்று கேட்பீர்கள். இல்லை. தாக்காமல் விட்டிருந்தால் கப்பலும் மாலுமிகளும் போயிருப்பார்கள். ஹிட்லரின் கொடுமையும் நின்றிருக்காது. செய்ய வேண்டிய வேலைதான். ஆனால், மூழ்கடிப்பது அந்த வேலையின் நோக்கம் அல்ல, கப்பலைக் காப்பதுதான் நோக்கம் என்பதை மறக்கக் கூடாது.

நம் ஊர் தினைப்புனக் காவலை நினைத்துப் பாருங்கள். பரண் மேல் நின்று கிளியை விரட்டுவார்கள். எத்தனை கிளி செத்தது என்றா மாலையில் கணக்குப் பார்ப்பார்கள்? எவ்வளவு தானியம் வீடு வந்தது என்றுதானே பார்ப்பார்கள்!

ஒன்றும் நடக்காத நாள்

கென் மூரின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. சரிதான். ஆனால், பத்து, பன்னிரண்டு மணி நேரம் குளிரில், இரைச்சலில், வெறும் அலையையே பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள்தான் அதிகம். போர் முடியும் வரை ஒரு யு-போட்டைக் கூடக் கண்ணால் பார்க்காத வீரர்கள் எத்தனையோ பேர்.

நார்மண்டி சமயத்தில் கடற்பகுதியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அரை மணிக்கு ஒரு முறை விமானம் பார்க்கும்படி ஏற்பாடு செய்தனர். அதற்குப் பெயர் 'கார்க்' - அதாவது பாட்டில் மூடி! ஆங்கிலக் கால்வாயின் மேற்கு வாயை அந்த மூடி அடைத்தது. தங்கள் கட்டத்தில் ஒன்றையுமே காணாமல் திரும்பியவர்களும் அந்த மூடியின் ஒரு பகுதிதான். அவர்கள் வீணாகப் பறந்தார்கள் என்று சொல்ல முடியுமா?

ஒன்றும் நடக்காத நாளுக்குப் பதக்கம் கிடையாது. ஆனால் அன்றுதான் கப்பல் ஒழுங்காகக் கரை சேர்ந்தது. எங்கோ ஒரு வீட்டில் ரொட்டி வெந்தது.

செயின்ட் எவல் விமான தளம் 1959ல் மூடப்பட்டது. தேவாலயம் மட்டும் இன்றும் நிற்கிறது. அங்கிருந்து பறந்தவர்களின் நினைவாக வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்றும் அதில் வைத்திருக்கிறார்கள்.

இனிமேல் போர்க் கதை படிக்கும்போது, "எத்தனை பேரை அழித்தார்கள்?" என்று கேட்காதீர்கள். "யாரைக் காப்பாற்றினார்கள்? அதற்கு யார் யார் என்ன இழந்தார்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கணக்கில் கென் மூர் வருவார், வீட்டை இழந்த செயின்ட் எவல் கிராமத்தாரும் வருவார்கள், வெறும் அலையைப் பார்த்துத் திரும்பியவர்களும் வருவார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிட்டேன். உங்கள் தீர்ப்பு என்ன?