முட்டிக்குத் தகுந்த வண்டி

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பாவுக்குச் செய்யும் பெரிய மரியாதை, எங்கள் பக்கம் இப்போதெல்லாம் ஒரு புது வண்டிதான். ரெட்டியார்சத்திரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குள் வந்தால் திண்ணை ஓரத்தில் மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்த பைக் ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். பிள்ளை சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். அப்பா அறுபதைத் தாண்டியிருப்பார். ஆறு மாசம் கழித்து வந்து பார்த்தால் சில வீடுகளில் அந்த வண்டி சாக்குப் போர்த்தி நிற்கும். அப்பா பழைய டிவிஎஸ் எக்ஸ்எல்லில் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருப்பார். "ஏன் மாமா, புது வண்டிய எடுக்கலையா?" என்று கேட்டால், "வண்டி நல்ல வண்டிதான் மாப்ள, முட்டிதான் ஒத்துக்க மாட்டேங்குது" என்பார்.

இந்தப் பதிவு அந்தப் பிள்ளைகளுக்குத்தான். வண்டி வாங்கும்போது மைலேஜ் கேட்கிறீங்க, சிசி கேட்கிறீங்க, கலர் பார்க்கிறீங்க. ஓட்டப்போறவரோட முட்டியை யாரும் கேட்கிறதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

"முட்டி வலின்னா எதுக்கு வண்டி, பஸ்ஸுல போகலாமே" என்று நகரத்திலிருந்து சொல்வது சுலபம். பஸ் திண்டுக்கல் - பழனி ரோட்டில் போகும், தோட்டத்துக்குள் வராது. வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒன்று இரண்டு கிலோமீட்டர் வண்டிப்பாதை. மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்குப் போய் மோட்டார் போட வேண்டும். விடியுமுன்னே தக்காளியையும் கத்தரிக்காயையும் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஏற்றிவிட வேண்டும். மாட்டுக்குப் புல் கட்டு வர வேண்டும். இதற்கெல்லாம் இன்னொருத்தர் கையை எதிர்பார்க்க ஆரம்பித்தால் முதலில் மாடு விலைக்குப் போகும், அடுத்து தோட்டம் குத்தகைக்குப் போகும். வண்டி நின்றால் விவசாயமும் நின்றுவிடும். அதனால் இது வெறும் சொகுசுப் பிரச்சினை இல்லை.

விவசாயியின் முட்டி ஏன் சீக்கிரம் தேய்கிறது என்பதில் பெரிய ரகசியம் இல்லை. களை எடுப்பது, நாற்று நடுவது, பால் கறப்பது எல்லாமே குத்துக்கால் போட்டோ குனிந்தோ செய்யும் வேலை. முழங்கால் எவ்வளவு மடங்குகிறதோ, அவ்வளவுக்கு முட்டிச் சில்லு எலும்பின்மேல் அழுந்தும். அதே வேலையைத்தான் தப்பான வண்டியும் செய்கிறது. அதனால் வண்டி தேர்வு செய்யும்போது முட்டிக்குச் சிரமம் எங்கே எங்கே வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், எந்த முட்டி என்று கேளுங்கள். பைக்கில் இடது கால் வேலை வேறு, வலது கால் வேலை வேறு. நாம் வண்டியின் இடது பக்கம் நின்று ஏறுகிறோம். அந்த நொடியில் உடம்பு எடை முழுக்க இடது முட்டியில் நிற்கும். கியர் மாற்றுவதும் இடது கால்தான். ஸ்டாண்டைத் தள்ளுவதும் பெரும்பாலும் அதே கால்தான். வலது காலைத் தூக்கிச் சுற்றிப் போட வேண்டும், பின் பிரேக்கை மிதிக்க வேண்டும், கிக்கரை உதைக்க வேண்டும். வலது முட்டி மடங்காதவருக்கு ஏறுவது கஷ்டம். இடது முட்டி பலமில்லாதவருக்கு ஏறும்போது நிற்பதே பயம். ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையிலேயே இருக்கும், கியர் கிடையாது. ஓடும்போது இரண்டு காலுக்கும் ஓய்வு.

இரண்டாவது, சீட் உயரம். "சீட் தாழ்வா இருந்தா முட்டிக்கு நல்லது" என்று கடையில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. தாழ்ந்த சீட்டில் பாதம் தரையில் முழுசாகப் பதியும், அது நல்லதுதான். ஆனால் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் அதே இடத்தில் இருந்தால் முட்டி இன்னும் அதிகமாக மடங்கும். சீட் பஞ்சை வெட்டித் தாழ்த்தினாலும் இதே கதைதான். அதனால் இரண்டு அளவு வேண்டும். சீட்டிலிருந்து தரை வரை ஒன்று, சீட்டிலிருந்து ஃபுட்ரெஸ்ட் வரை இன்னொன்று. முதல் அளவை கம்பெனிகள் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். இரண்டாவது அளவு பெரும்பாலும் விவரத்தாளில் இருக்காது. இன்ச் டேப் எடுத்துப் போய் நாமே அளந்து பார்க்க வேண்டியதுதான். ஃபுட்ரெஸ்ட் பின்னால் தள்ளி இருக்கும் ரேஸ் மாதிரி வண்டிகளை அறுபது வயதுக்காரருக்கு நினைக்கவே வேண்டாம்.

மூன்றாவது, எடை. வண்டி ஓடும்போது எடையைச் சக்கரம் சுமக்கும். நிற்கும்போது உங்க அப்பா முட்டி சுமக்கும். ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 கிட்டத்தட்ட 195 கிலோ. ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ. எக்ஸ்எல் 100 தொண்ணூறு கிலோவுக்குள். தார் ரோட்டில் போகும்போது இந்த வித்தியாசம் தெரியாது. மழை பெய்த செம்மண் பாதையில் வண்டியைத் திருப்பும்போதும், பங்க்சர் ஆகி உருட்டும்போதும், சென்டர் ஸ்டாண்ட் போடும்போதும்தான் ஒவ்வொரு கிலோவும் தெரியும்.

நாலாவது, செல்ஃப் ஸ்டார்ட். இதில் பேரமே வேண்டாம். கிக்கரை மட்டும் நம்பியிருக்கும் வண்டி முட்டி வலிக்காரருக்கு ஆகாது. பேட்டரி ஒரு நாள் படுத்துக்கொள்ளும் என்பதால் கிக்கரும் சேர்ந்திருந்தால் நல்லது. காசைக் குறைக்க செல்ஃப் இல்லாத மாடலை மட்டும் எடுக்காதீர்கள்.

அப்போ எந்த வண்டி? ஓட்டுபவரின் உயரத்தையும் பாதையையும் வைத்துத்தான் சொல்ல முடியும். ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டரில் சீட் சுமார் 765 மில்லிமீட்டர் உயரம், ஏறி இறங்குவது சுலபம். ஆனால் சின்னச் சக்கரம். வாய்க்கால் வரப்பு தாண்டும் பாதையில் ஒவ்வொரு குழியும் இடுப்புக்கு வரும். உயரமான ஆளாக இருந்தால் முன்னால் காலை நீட்ட இடமிருக்காது, முட்டி மடங்கியே இருக்கும். ஸ்ப்ளெண்டரில் 18 இன்ச் சக்கரம், பாதை தாங்கும், எடையும் பரவாயில்லை. ஆனால் பின்னால் பால் கேனோ புல் கட்டோ கட்டிவிட்டால் காலைச் சுற்றிப் போட வழியில்லை. டேங்குக்கு மேலே முட்டியைத் தூக்கித் தாண்டணும். முட்டி சரியில்லாதவர் எத்தனை தடவை அதைச் செய்வார்?

தூரப் பயணம் மட்டும் போகிறவர், முட்டியை அதிகம் மடக்க முடியாதவர் என்றால், கால் முன்னால் நீளும் க்ரூஸர் வகை சொகுசுதான். மீட்டியார் 350-இல் சீட் 765 மில்லிமீட்டர்தான். ஆனால் எடை 191 கிலோ. நாலு வழிச்சாலைக்குச் சரி, தோட்டத்துக்கு ஆகாது. சாதா பைக்கிலேயே க்ராஷ் கார்டு மேலே காலை நீட்டி ஓட்டுகிறார்களே, அதைப் பழக்கிக்கொள்ள வேண்டாம். அவசரத்துக்குப் பிரேக் மிதிக்கக் கால் வந்து சேருமுன் ஆடு குறுக்கே வந்துவிடும்.

கடைசியில் நான் வந்து நிற்கும் இடம் எக்ஸ்எல்தான். 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் குடும்பத்து வண்டிகளை நகரம் சிரிப்புக்கு வைத்திருக்கிறது. "பால்கார வண்டி" என்பார்கள். ஆனால் முட்டியின் கண்ணால் பாருங்கள். முன்பக்கம் திறப்பாக இருப்பதால் காலைக் கொஞ்சம் உயர்த்தினாலே தாண்டிவிடலாம். பின்னால் எவ்வளவு மூட்டை இருந்தாலும் ஏறலாம், வேட்டியோடும் ஏறலாம். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. 16 இன்ச் சக்கரம், அதனால் ஸ்கூட்டரைவிடக் குழியில் தேவலை. 2015-இல் நாலு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தது, பிறகு செல்ஃப் ஸ்டார்ட்டும் வந்தது. குறை இல்லாமல் இல்லை. சீட் உயரம் 787 மில்லிமீட்டர், ஸ்ப்ளெண்டர் அளவுக்கே இருக்கும், குள்ளமானவர் கால் ஊன்றிப் பார்த்துத்தான் எடுக்கணும். காலடியில் மூட்டை வைத்தால் ஏறுகிற வழி அடைபட்டு, கால்களும் அகன்று நிற்கும், அப்போ முட்டி முணுமுணுக்கும். அதனால் மூட்டையைப் பின்னால் கட்டுங்கள்.

இதற்கெல்லாம் குறுக்கே நிற்பது கௌரவம். புல்லட் ஓட்டியவர் எக்ஸ்எல்லுக்கு இறங்குவதா? ஆம்பள ஸ்கூட்டி ஓட்டுறதா? டீக்கடையில் நாலு பேர் கேட்பார்கள்தான். அந்த நாலு பேரும் நம் தோட்டத்துக்கு மோட்டார் போட வரப்போவதில்லை. எழுபது வயதிலும் யார் துணையும் இல்லாமல் தன் கிணற்றடிக்குப் போய் வருகிறாரே, அதைவிடக் கெத்து என்ன இருக்கு?

இன்னொரு முட்டியை எல்லோரும் மறந்துவிடுகிறோம். அம்மாவோடது. மூட்டுத் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பைக்கின் பின் சீட் உயரம், ஒரு பக்கமாகக் கால் போட்டு ஏற அவர் ஒற்றைக் காலில் எம்ப வேண்டும். ரெண்டு பேரும் சேர்ந்து கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் வண்டி என்றால், அம்மாவையும் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டணும்.

முட்டி வீங்கியிருந்தால், நடக்கும்போது திடீரென மடிந்து விழப் பார்த்தால், அல்லது மடக்கியபடியே பூட்டிக்கொண்டால், வண்டிக் கடைக்கு முன்னால் எலும்பு டாக்டரிடம் போங்கள். மூட்டு மாற்று அறுவை செய்தவர் எப்போது ஓட்டலாம் என்பதையும் டாக்டர்தான் சொல்லணும். கால் ஊன்றவே முடியாத நிலை என்றால் ஸ்கூட்டருக்கு இணைப்புச் சக்கரம் மாட்டிக்கொள்ளலாம். அப்படி மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றில் அதை எழுதி வாங்குவதையும் மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸில் இழுபறியாகும்.

அதனால் அடுத்த தடவை ஆன்லைனில் புக் பண்ணி "அப்பாவுக்கு சர்ப்ரைஸ்" கொடுக்காதீர்கள். அவரையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் போங்கள். காலை நேரத்திலேயே போங்கள், மூட்டு பிடிப்பு அப்போதுதான் அதிகம், வண்டியின் குணமும் அப்போதுதான் தெரியும். அவர் தினமும் போடும் செருப்போடும் வேட்டியோடும் ஏறட்டும். பத்து தடவை ஏறி இறங்கட்டும். தானே சென்டர் ஸ்டாண்ட் போட்டு எடுக்கட்டும். குறுகிய இடத்தில் ஒரு தடவை திருப்பட்டும். இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து இறங்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். வாயால் "நல்லாருக்குப்பா" என்றுதான் சொல்வார், பிள்ளை வாங்கித் தருவதை எந்த அப்பாவும் குறை சொல்ல மாட்டார். இறங்கியதும் கை முட்டிக்குப் போகிறதா என்று மட்டும் கவனியுங்கள். போனால் அடுத்த வண்டியைக் காட்டச் சொல்லுங்கள்.