பீரோவைத் தொடாதீர்கள்

பூட்டிய வீட்டில் திருட்டு என்றால் நாளிதழ்ச் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடியும்: மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது, கைரேகை நிபுணர்கள் தடயங்களைச் சேகரித்தனர். அவர்கள் வந்து சேர்வதற்குள் அங்கே நடப்பது செய்தியில் வராது. ஆண்கள் கடலுக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடும் எங்கள் கோட்டைப்பட்டினம் போன்ற ஊரில், ஒரு வீட்டில் அலறல் கேட்டால் தெருவே உள்ளே நுழைந்துவிடும். ஆளுக்கொரு முறை பீரோ கதவைத் திறந்து பார்ப்பார்கள். அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால் திருடன் விட்டுப்போன ரேகை அதிலேயே அழிந்துவிடுகிறது.

விரல் தொட்ட இடத்தில் மிஞ்சுவது கொஞ்சம் வியர்வையும் எண்ணெய்ப் பசையும்தான். நிபுணர் டார்ச்சைச் சாய்த்து அடித்துத்தான் அதைக் கண்டுபிடிப்பார். பீரோவின் நிறத்துக்கு எடுப்பாகத் தெரியும் தூளை மெல்லிய பிரஷ்ஷால் தடவுவார். வரிகள் தெரிந்ததும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுப்பார். அதன் பிறகே டேப்பால் ஒற்றி அட்டையில் ஒட்டுவார். காகிதம் என்றால் நின்ஹைட்ரின். வியர்வையிலுள்ள அமினோ அமிலத்தோடு சேர்ந்து ரேகை ஊதா நிறத்தில் எழும். படகுச் சாமான் நனைந்திருந்தாலும் வழி உண்டு. மாலிப்டினம் டைசல்பைடு கலந்த திரவத்தைத் தெளித்தால் அந்த நுண்துகள்கள் எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொள்ளும்.

இப்படி எடுத்த ரேகையை ஒப்பிடும் கலைக்கு நம் நாட்டில் வயது அதிகம். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்காக உழைத்தவர்கள் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு காவல் அதிகாரிகள். பெயர் என்னவோ மேலதிகாரி ஹென்றிக்குப் போனது; எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. வரி எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று நிபுணர் பார்க்கிறார். இன்று கணினி சாயலான ரேகைகளைப் பட்டியலிடும், முடிவு மனிதக் கண்ணுடையது. அந்தக் கண்ணும் தவறும். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் அமெரிக்க எஃப்.பி.ஐ. தன் நாட்டு வழக்கறிஞர் ஒருவரின் ரேகை என்று உறுதியாகச் சொல்லிக் காவலில் வைத்தது. ரேகை வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் கண்டுபிடித்தது.

ரேகை எப்போதும் தெளிவாகக் கிடைப்பதும் இல்லை. கயிறும் உப்புத்தண்ணீரும் ஐஸும் தேய்த்த விரல்களோடு ரேஷன் கடை இயந்திரத்தின் முன் திணறும் மீனவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கருவிலேயே உருவான வரிகள் மேல்தோல் தேய்ந்தாலும் மீண்டும் வளரும். ஆனால் தேய்ந்திருக்கும் நாளில் தெளிவாகப் பதியாது.

கிடைத்த ரேகையைக் காக்கவும் வேண்டும். ராஜஸ்தான் கொலை வழக்கு ஒன்றில் பித்தளைச் சொம்பில் இருந்த ரேகை, குற்றம் சாட்டப்பட்டவருடையதோடு பொருந்தியது. ஆனால் சொம்பு காரணமின்றி ஐந்து நாள் காவல் நிலையத்திலேயே கிடந்தது. ஒப்பிடுவதற்கான ரேகையும் மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்கப்படவில்லை. 1997-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சான்றை ஏற்காமல் அவரை விடுதலை செய்தது. அது சரியான தீர்ப்பு.

போலீஸ் செய்ய வேண்டியதை அவர்கள் செய்யட்டும். நம் வீட்டில் திருட்டு நடந்தால் உள்ளே போகாதீர்கள், யாரையும் விடாதீர்கள், வாசலிலேயே நின்று 100-க்குப் போன் செய்யுங்கள். வீட்டார் ரேகையைக் கழித்துப் பார்க்க உங்கள் விரலையும் கேட்பார்கள். தயங்காமல் கொடுங்கள்.