ரயிலில் வந்த அண்ணாச்சி

உளவு சொல்ல ஆள் பிடிப்பது வெள்ளைக்காரன் காலத்தோடு போயிற்று என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். போகவில்லை. நம்மோடு இரண்டாம் வகுப்புப் பெட்டியில்தான் வருகிறது.

சென்ற மாதம் ஒரு மாலை, ஹார்பர் லைன் வண்டியில் காட்டன் கிரீனில் ஏறிய நம் சங்கத்து இளைஞர் ஒருவரை ஒட்டி ஒருவர் வந்து நின்றார். நல்ல திருநெல்வேலிப் பேச்சு. "தம்பிக்கு ஊரு நாசரேத் பக்கமோ?" என்று தொடங்கி, குர்லா வருவதற்குள் அறை வாடகை முதல் இன்னும் கிடைக்காத ரேஷன் கார்டு வரை விசாரித்துவிட்டார். பிறகுதான் விஷயம். "உங்க சங்கக் கூட்டத்துக்கு யாரெல்லாம் வாராங்க? ஊரிலேருந்து வர்ற பேச்சாளர் எங்கே தங்குவாரு? சும்மா தெரிஞ்சுக்கத்தான். கார்டை நான் பார்த்துக்கிடுதேன்." செம்பூரில் இறங்கும்போது ஒரு போன் நம்பரைக் கையில் திணித்தார். பெயரும் சொல்லவில்லை, அலுவலகமும் சொல்லவில்லை.

அவர் ரகசியப் போலீஸ் என்றே ஐயப்படுகிறோம். நிரூபிக்க நம்மிடம் ஒன்றுமில்லை. மத்திய உளவுத்துறை 1887-ல் பிரிட்டிஷார் தொடங்கியது. அதன் அதிகாரத்துக்கு எல்லை வகுக்கும் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் இன்றுவரை இயற்றவில்லை. அவசரநிலைக் கொடுமைகளுக்குப் பின் 1977-ல் எல்.பி. சிங் தலைமையில் குழு போட்டார்கள், சட்டம் வரவில்லை. வள்ளுவரும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார், உண்மைதான். அது அரசனுக்குச் சொன்னது. ரேஷன் கார்டுக்கு அலைகிற கூலிக்காரனை ஒற்றனாக்கச் சொன்னதல்ல!

நம் வருத்தம் வேறு. தம்பி மறுநாளே செயலாளரிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். அப்படியிருந்தும் "ஏன் இவனைத் தேடி வந்தான்?" என்று சிலர் கிசுகிசுக்கிறார்கள். அவர் டீக்கடைக்கு வந்தால் பேச்சு நிற்கிறது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம். வந்தவர் எடை போட்டது தம்பியின் குணத்தை அல்ல, கார்டு இல்லாத குறையை. அந்தக் குறை நம்மில் எத்தனை வீட்டில் இல்லை? அண்ணாச்சிக்குச் செய்தி ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அவருக்குச் சல்லிக்காசு செலவில்லாமல் சங்கத்தை உடைத்துக் கொடுக்க நம்மவர்களே முன்வருகிறார்கள்.

போலீஸ் விசாரிக்க முறை இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்ற நடைமுறைச் சட்டத்தின் 179-ம் பிரிவுப்படி, சாட்சியை எழுத்து மூல உத்தரவு தந்தே அழைக்க வேண்டும். பெண்களையும் 60 வயது கடந்தவர்களையும் நிலையத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. ரயிலில் காதோடு காதாகக் கேட்பவருக்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை.

துறைமுகத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்வோருக்கு ஒரு சொல். கடற்படைக் கப்பலைப் பற்றி யாரேனும் இப்படிப் பேச்சுக் கொடுத்தால் அது வேறு விவகாரம். 1923-ம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை உண்டு. கேட்டவன் அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுவான், அகப்படுவது சொன்னவன்தான். உடனே மேலாளரிடம் சொல்லுங்கள், சங்கத்திலும் சொல்லுங்கள்.

நம் கூட்டங்கள் திறந்த கதவோடுதான் நடக்கின்றன. அண்ணாச்சியும் வந்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம். வருகிற ஞாயிறு கூட்டத்தில் வரவேற்புரை அந்தத் தம்பிதான். குடும்பத்தோடு வாருங்கள்.