கேக்குக்கு ஒரு கணக்கு

அமெரிக்காவுல நம்ம மக்கள் வீட்டுப் பொறந்தநாளுக்குப் போனவங்களுக்குத் தெரியும். பிரியாணி தீர்ந்தாலும் தீரும், கேக் தீரவே தீராது. காரணம் ரொம்ப சிம்பிள். 34 பேர் வர்றாங்கன்னா நம்மாளுங்க யோசிக்காம 'ஹாஃப் ஷீட்' கேக் சொல்லிடறாங்க.

அது 12க்கு 18 அங்குலம். ரெண்டு அங்குலச் சதுரமா வெட்டினா 54 துண்டு! வர்றது 10 குழந்தைங்க, 24 பெரியவங்கன்னு வைங்க. குழந்தைக்கு ஆளுக்கு ஒண்ணு. பெரியவங்கள்ல பாதிப் பேர் 'சுகர் இருக்கு', 'டயட்டு'ன்னு நழுவிடுவாங்க. மீதி 12 பேர். ஆக மொத்தம் 22 துண்டு. இதுக்கு 9க்கு 13 அங்குல 'குவார்ட்டர் ஷீட்' போதும், 24 துண்டு தேறும்.

'பத்தலைன்னா மானம் போயிடுமே'ங்கற பயம் புரியுது. விருந்துக்கு வந்தவங்களுக்கு இல்லைன்னு சொல்றது நமக்குப் பழக்கமில்ல. ஆனா ஊர்ல மிஞ்சின சாம்பார் அன்னிக்கே அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்குப் போயிடும். இங்க மிஞ்சின கேக் மூணு நாள் ஃப்ரிட்ஜ்ல கிடந்துட்டு குப்பைக்குப் போகுது. இல்லேன்னா எங்களை மாதிரி ஸ்டூடண்ட் பசங்க தலையில! (கட்டிக் கொடுத்தா வேண்டாம்னு சொல்ல மாட்டோம், அது வேற விஷயம் :-))

அப்பவும் பயமா இருந்தா ஒரு டஜன் கப் கேக் சேர்த்து வாங்கி வைங்க. மிஞ்சினா பசங்க கையிலேயே கொடுத்தனுப்பலாம்.

குழந்தைக்கு வேண்டியது மெழுகுவர்த்தி ஊதறதும், முதல் துண்டை அம்மாவுக்கு ஊட்டறதும்தான். மத்ததெல்லாம் நம்ம கௌரவத்துக்கு. அதுக்கு எதுக்குங்க 54 துண்டு?