தமிழைக் கேட்டு வாங்குக!

இராசபாளையத்து நூற்பாலையார் இழைநீளம் பாராது பஞ்சு வாங்குவதில்லை. திருவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்குவோரும் சுவைத்துப் பார்த்தே விலை பேசுவர். மக்கள் வரிப்பணத்தில் கணிப்பொறி வாங்கும் அரசு மட்டும் விலையொன்றையே பார்த்தல் முறையாகுமா?

தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956-இல் பிறந்தது. அரசு வாங்குதலை நெறிப்படுத்தும் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டம் 1998-இல் பிறந்தது. தகுதியுடையோருள் குறைந்த விலை கூறுவோர்க்கே வாய்ப்பென்பது அதன் நெறி. கையூட்டைத் தடுக்க அது வேண்டுவதே. எனினும், எது தகுதியென வரையறுப்பது ஒப்பந்தப்புள்ளி ஆவணம். அதில் கேளாததை எவ்வணிகனும் கொடான்.

தமிழ்99 விசைப்பலகையை 1999-இலும், ஒருங்குறியை 2010-இலும் அரசே தரமாக ஏற்றது. ஏற்றதை வாங்கும்போது மறப்பது, வித்தைக் கையில் வைத்துக்கொண்டு வயலைத் தரிசாக விடுவதாகும்.

ஆகவே, அரசுக்காக வாங்கும் எல்காட்டாயினும், இராசபாளையம் நகராட்சியாயினும், திருவில்லிபுத்தூர் வட்டாட்சியர் அலுவலகமாயினும், தமிழெழுத்துப் பொறித்த விசைப்பலகை, ஒருங்குறி, தமிழில் இயங்கும் மென்பொருள் ஆகிய மூன்றையும் ஆவணத்தின் முதல் வரியிலேயே எழுதுக! இவை இல்லாதது எத்துணை மலிவாயினும் தள்ளுக! சட்ட ஏட்டில் ஆளும் தமிழ், அலுவலக மேசையிலும் ஆளட்டும்!