துப்பறிபவரே திருடர்

2016 ஏப்ரலில் தில்லி உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசின் சொலிசிட்டர் ஜெனரல் அளித்த பதில் பலரைத் திடுக்கிட வைத்தது: கோஹினூர் திருட்டுப் பொருளல்ல, சீக்கியப் போர்களில் உதவியதற்காக ரஞ்சித் சிங் விரும்பிக் கொடுத்தது. ரஞ்சித் சிங் இறந்தது 1839-ல். முதல் சீக்கியப் போர் 1845-ல். வைரத்தைக் கைமாற்றிய 1849 லாகூர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட துலீப் சிங்குக்கு வயது 10. கண்டனம் எழுந்ததும், மறுநாளே வைரத்தை மீட்க முயல்வோம் என்றது அரசு.

இப்படிப்பட்ட ஞாபக மறதிக்கு ஏற்ற நாவல் வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்'. 1868-ல் சார்லஸ் டிக்கன்ஸின் வார இதழில் தொடராக வந்தது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த அன்று ஓர் ஆங்கிலேய அதிகாரி கொள்ளையடித்த வைரம், பின்னாளில் அவரது மருமகளுக்குப் பிறந்தநாள் பரிசாகிறது. அன்றிரவே மாயமாகிறது.

திருடனைத் தேடி மும்முரமாக அலைபவர் பிராங்க்ளின் பிளேக். தடயம், கதவுச் சாயம் ஒட்டிய ஓர் இரவு உடை. அது கிடைத்தபோது அதில் இருந்த பெயர் அவருடையதே! டாக்டர் ஒருவர் ரகசியமாகக் கொடுத்த அபின் மயக்கத்தில் வைரத்தை எடுத்தவர் அவர்தான், எதுவும் நினைவில்லை. டாக்டரோ காய்ச்சலில் நினைவிழந்து கிடக்கிறார். அவரது உதவியாளர் எஸ்ரா ஜென்னிங்ஸ், பிதற்றல்களைக் கோத்து, மீண்டும் அபின் கொடுத்து அந்த இரவை நடத்திக் காட்டுகிறார். வலிக்கு அபின் மருந்து குடித்துவந்த காலின்ஸுக்கு அந்த மயக்கம் புதிதல்ல.

தன் வைரத்துக்கு முன்மாதிரிகள் இரண்டு என்று முன்னுரையில் சொல்கிறார் காலின்ஸ். ஒன்று, ரஷ்யச் செங்கோலில் உள்ள கல். ஸ்ரீரங்கம் கோயிலிலிருந்து போனதாகக் கதை உண்டு. மற்றது, 1739-ல் நாதிர் ஷா தில்லியிலிருந்து அள்ளிச் சென்ற கோஹினூர்.

நாவலின் வைரம் கடைசியில் சோமநாதபுரம் திரும்புகிறது. கோஹினூரோ லண்டன் கோட்டையில். மனுவை 2017-ல் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது.

தன் பெயரைக் கண்ட பிறகும் பிளேக் விசாரணையைக் கைவிடவில்லை. அவருடைய பெருமை அதுதான். இனி கோஹினூருக்காக வாதாடுபவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஆண்டுகளையாவது சரிபார்த்துக்கொள்ளலாம்.